82 நாள்தான் துணை அதிபர்... அப்புறம் அதிபர்! அமெரிக்கத் தேர்தலில் 'ரன்னிங் மேட்' ஏன் முக்கியம்? ட்ரூமன் கதை சொல்லும் பாடம்

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தாலே ஒரு கேள்வி தவறாமல் கிளம்பும். அதிபர் வேட்பாளர் யார் என்பது உறுதியான கையோடு, அவருடன் துணை அதிபர் பதவிக்கு நிற்கப்போவது யார் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். இவரைப் போட்டால் இந்த மாநிலம் கிடைக்கும், அவரைப் போட்டால் அந்தப் பிரிவினரின் ஓட்டு வரும் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். இப்படி ஜோடியாகக் களமிறங்கும் துணை அதிபர் வேட்பாளரைத்தான் ரன்னிங் மேட் என்கிறார்கள்.

சரி, இந்தக் கணக்கெல்லாம் நிஜமாகவே வேலை செய்யுமா? இதைப் புரிந்துகொள்ள ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். அவர் ஹாரி எஸ். ட்ரூமன். ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசப்பட்டபோது அமெரிக்க அதிபராக இருந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால், அன்று அவர் அதிபர் வேட்பாளராக நின்று ஜெயித்து அந்த நாற்காலிக்கு வந்தவர் இல்லை. கட்சிக்குள் நடந்த ஒரு பேரத்தில், யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லாத ஆள் என்பதால் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தப்பட்டவர்.

யார் இந்த ட்ரூமன்?

1884 மே 8-ம் தேதி மிசோரி மாநிலத்தின் லாமர் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா விவசாயி, கால்நடை வியாபாரி. பெயரின் நடுவில் வரும் எஸ் என்ற எழுத்துக்கு விரிவாக்கமே கிடையாது. இரண்டு தாத்தாக்களின் பெயரிலும் அந்த எழுத்து வரும் என்பதால், இருவரையும் திருப்திப்படுத்த வைத்தது அது. எல்லாத் தரப்பையும் சமாளிக்கும் ராசி பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது போல!

சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி. அதனால் விளையாட்டு மைதானத்தைவிட புத்தகமும் பியானோவும்தான் துணை. குடும்பத்தின் பண நெருக்கடியால் கல்லூரிப் பட்டம் பெற முடியவில்லை. 1906-ல் இருந்து பத்து வருஷத்துக்கு மேல் கிராண்ட்வியூ என்ற இடத்தில் குடும்ப நிலத்தில் விவசாயம் பார்த்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்தில் பீரங்கிப் படைப் பிரிவு ஒன்றுக்கு கேப்டனாக இருந்தார். ஆட்களை வழிநடத்தத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பி, 1919-ல் பெஸ் என்ற தன் பால்யத் தோழியைத் திருமணம் செய்தார். ராணுவ நண்பர் ஒருவருடன் சேர்ந்து கன்சாஸ் சிட்டியில் ஆண்களுக்கான ஆடைக் கடை திறந்தார். 1922-ல் கடை மூடப்பட்டது. திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், வருஷக்கணக்கில் கடனைக் கட்டிக்கொண்டே இருந்தார். கடையை மூடிய கையோடு அவர் நுழைந்த இடம்தான் அரசியல்.

கன்சாஸ் சிட்டியை அப்போது ஆட்டிப்படைத்தவர் டாம் பெண்டர்காஸ்ட். ஓட்டு, ஒப்பந்தம், வேலை என்று எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சித் தலைவர். அவரது ஆதரவில்தான் ட்ரூமன் ஜாக்சன் கவுண்டி நிர்வாகப் பொறுப்புக்கும், 1934-ல் செனட் சபைக்கும் தேர்வானார். அதனால், பெண்டர்காஸ்ட் வீட்டு செனட்டர் என்ற ஏளனம் வாஷிங்டனில் அவரைத் துரத்தியது. 1939-ல் பெண்டர்காஸ்ட் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார். ட்ரூமன் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 1940 உட்கட்சித் தேர்தலில் சுமார் 8,000 ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தார்.

பெயர் வாங்கித் தந்த விசாரணைக் குழு

1941-ல் அமெரிக்கா போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ராணுவ ஒப்பந்தங்களில் பணம் தண்ணீராய் ஓடியது. அதில் நடக்கும் முறைகேட்டையும் வீண் செலவையும் விசாரிக்க செனட் ஒரு குழு அமைத்தது. தலைவர் ட்ரூமன். ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்ட நிதி வெறும் 15,000 டாலர். ஆனால் அந்தக் குழு நாடு முழுக்கச் சுற்றி, தரமில்லாத தளவாடங்களையும் கொள்ளை லாபத்தையும் வெளியே கொண்டுவந்தது. அரசுக்குப் பல நூறு கோடி டாலர் மிச்சமானதாக மதிப்பிடப்பட்டது. பெண்டர்காஸ்ட் ஆள் என்ற பெயர் மெல்ல மறைந்து, நேர்மையான செனட்டர் என்ற பெயர் வந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1943-ல் இந்தக் குழுவின் பார்வை வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு பிரம்மாண்ட ரகசியக் கட்டுமானத்தின் மீது விழுந்தது. போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன், இது மிகமிக ரகசியமான வேலை, கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ட்ரூமனும் மறுபேச்சு பேசாமல் விட்டுவிட்டார். அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கும் ஆலை அது என்பது அவருக்குத் தெரியாது.

1944: வெளியே சொல்ல முடியாத ரகசியம்

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-ல் இருந்து அதிபர். மூன்று தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர். போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான்காவது முறையும் அவரே நிற்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 1944 மார்ச்சில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், கடுமையான ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் இருப்பது தெரியவந்தது. இது மக்களிடம் சொல்லப்படவில்லை. ஆனால் அவரை நேரில் பார்க்கும் கட்சிக்காரர்களுக்கு மருத்துவ அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. இளைத்த உடம்பும், நடுங்கும் கையும், சோர்ந்த முகமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

அதாவது, துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற பெயரில் அடுத்த அதிபரையே தேர்ந்தெடுக்கிறோம் என்பது கட்சியின் மேல்மட்டத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்போது துணை அதிபராக இருந்தவர் ஹென்றி வாலஸ். அயோவா மாநிலத்துக்காரர், முன்னாள் வேளாண் துறை அமைச்சர். தொழிற்சங்கங்களும் முற்போக்காளர்களும் கறுப்பின மக்களும் அவரை விரும்பினார்கள். தென் மாநிலத் தலைவர்களுக்கும், பெரிய நகரங்களைக் கையில் வைத்திருந்த கட்சிப் பிரமுகர்களுக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. கனவுலகில் வாழ்பவர், இடதுசாரிப் பக்கம் சாய்பவர் என்பது அவர்களின் புகார்.

கட்சி போட்ட கழித்தல் கணக்கு

1944 ஜூலை 11-ம் தேதி இரவு, கட்சியின் முக்கியப் பிரமுகர்கள் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட்டுடன் உட்கார்ந்தார்கள். கட்சியின் தேசியத் தலைவர் ராபர்ட் ஹானிகன் அதில் முக்கியமானவர். அவரும் மிசோரிக்காரர்தான். ஒவ்வொரு பெயராக எடுத்து அலசினார்கள்.

வாலஸைத் தொடர்ந்தால் தென் மாநிலங்கள் முறுக்கிக்கொள்ளும். அவர் பெயர் அடிபட்டது.

அடுத்து ஜேம்ஸ் பைர்ன்ஸ். தெற்கு கரோலினாக்காரர். செனட்டர், உச்ச நீதிமன்ற நீதிபதி, போர்க்கால நிர்வாகத்தில் அதிபருக்கு வலதுகரம். அனுபவத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இனப் பிரிவினையை ஆதரித்தவர் என்பதால் வட மாநிலக் கறுப்பின வாக்காளர்கள் கைவிடுவார்கள். தொழிற்சங்கங்களுக்கும் பிடிக்காது. கத்தோலிக்கராகப் பிறந்து பின்னர் வேறு சபைக்கு மாறியவர் என்பதால் கத்தோலிக்க ஓட்டுகளும் போய்விடும் என்ற பயம் வேறு. அவர் பெயரும் அடிபட்டது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பெயரும் வந்தது. ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்கும், ஆனால் கட்சிக்குள் அவருக்கென்று படை பலம் இல்லை.

கடைசியில் மிஞ்சியவர் ட்ரூமன். தெற்கும் இல்லை, வடக்கும் இல்லை என்று சொல்லத்தக்க எல்லை மாநிலமான மிசோரியைச் சேர்ந்தவர். தொழிலாளர்களுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். தென் மாநில செனட்டர்களோடும் நல்ல பழக்கம். விசாரணைக் குழுவால் நல்ல பெயர். இவரைப் போட்டால் புதிதாக ஒரு பெரிய கூட்டம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. இவரைப் போட்டால் யாரும் வெளியே போகமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

ரன்னிங் மேட் அரசியலின் அடிப்படையே இதுதான். ஒரு பெரிய கட்சி என்பது ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல குழுக்களின் கூட்டு. அதிபர் வேட்பாளர் ஒரு குழுவுக்கு நெருக்கமாக இருந்தால், துணை அதிபர் இடத்தை இன்னொரு குழுவுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்வார்கள். 1932-ல் ரூஸ்வெல்ட்டே அதைச் செய்தவர்தான். டெக்சாஸ்காரரான ஜான் நான்ஸ் கார்னர் தன்னிடம் இருந்த பிரதிநிதிகளை விட்டுக்கொடுக்க, ரூஸ்வெல்ட் அதிபர் வேட்பாளரானார். கார்னருக்குத் துணை அதிபர் இடம் கிடைத்தது.

சிகாகோ மாநாட்டில் நடந்தது என்ன?

ரூஸ்வெல்ட் யாருக்கும் இல்லை என்று சொல்லாத ரகம். வாலஸுக்கு ஆதரவாக ஒரு கடிதம் கொடுத்தார். பைர்ன்ஸுக்கும் நம்பிக்கை கொடுத்தார். ட்ரூமன் அல்லது டக்ளஸ் வந்தால் மகிழ்ச்சி என்று ஹானிகனிடம் இன்னொரு கடிதம் கொடுத்தார். இதெல்லாம் தெரியாத ட்ரூமன், பைர்ன்ஸ் பெயரை முன்மொழிவதாக வாக்குக் கொடுத்துவிட்டு சிகாகோ போய் இறங்கினார்.

அங்கே ஹோட்டல் அறையில் ஹானிகன் அவரை உட்காரவைத்துவிட்டு ரூஸ்வெல்ட்டுக்குப் போன் போட்டார். அதிபர் அப்போது கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இருந்தார். அறையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினார். போர் நடக்கும் நேரத்தில் கட்சியை உடைக்க ட்ரூமன் விரும்பினால் அந்தப் பொறுப்பு அவருடையது என்பதுதான் சாரம். அதற்கு மேல் ட்ரூமனால் மறுக்க முடியவில்லை.

ஆனால் மாநாட்டில் அலை வேறு பக்கம் அடித்தது. ஜூலை 20 இரவு அரங்கமே வாலஸ் பெயரால் அதிர்ந்தது. புளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர், அந்தச் சூட்டோடு வாலஸை முன்மொழிய மேடையை நோக்கி முண்டியடித்துப் போனார். அவர் மைக்கைப் பிடிப்பதற்குள் அன்றைய கூட்டம் அவசர அவசரமாக முடித்துவைக்கப்பட்டது.

அந்த ஒரு ராத்திரி போதும், பேரம் பேச. மறுநாள் முதல் சுற்றில் வாலஸுக்கு 429.5 வாக்குகள், ட்ரூமனுக்கு 319.5. பெரும்பான்மை யாருக்கும் இல்லை. இரண்டாவது சுற்றில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தாவின. முடிவில் ட்ரூமன் 1,031, வாலஸ் 105!

ஜோடி ஜெயித்தது... ஜோடிக்குள் பேச்சே இல்லை

ஆகஸ்டில் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் இருவரும் மதிய உணவு சாப்பிட்டார்கள். பிரசாரத்துக்கு விமானத்தில் போகாதீர்கள், நம் இருவரில் ஒருவராவது பத்திரமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ரூஸ்வெல்ட் அறிவுரை சொன்னார். அதிபரின் கை நடுங்கியதைப் பார்த்து ட்ரூமன் அதிர்ந்துபோனார். விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது.

நவம்பர் தேர்தலில் ரூஸ்வெல்ட் - ட்ரூமன் ஜோடி 432 எலெக்டோரல் வாக்குகளை வாரிக்கொண்டது. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி - ஜான் பிரிக்கர் ஜோடிக்கு 99.

1945 ஜனவரி 20 அன்று ட்ரூமன் துணை அதிபரானார். அதன் பிறகு? ஒண்ணுமே இல்லை. செனட் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார், நிகழ்ச்சிகளுக்குப் போனார். ரூஸ்வெல்ட்டுடன் தனியாகப் பேசக் கிடைத்த வாய்ப்பு விரல் விட்டு எண்ணக்கூடியது. யால்டாவில் ஸ்டாலினுடனும் சர்ச்சிலுடனும் என்ன பேசி முடித்தார்கள் என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது. அணுகுண்டுத் திட்டம் பற்றி யாரும் சொல்லவே இல்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கட்சி வேண்டாம் என்று ஒதுக்கிய வாலஸுக்கு அணுகுண்டுத் திட்டம் தெரியும். 1941-லேயே அதை மேற்பார்வையிட அமைக்கப்பட்ட உயர்மட்டக் குழுவில் அவரும் ஒருவர். கட்சி அடுத்த அதிபர் என்று தெரிந்தே கொண்டுவந்தவருக்குத்தான் எதுவும் தெரியாது.

ஏப்ரல் 12, மாலை

1945 ஏப்ரல் 12. துணை அதிபராகி 82 நாள். செனட் வேலை முடிந்து, சபாநாயகர் சாம் ரேபர்ன் அறைக்குப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று போனார் ட்ரூமன். உடனே வெள்ளை மாளிகைக்கு வரும்படி தகவல் வந்தது. அங்கே ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார், கணவர் இறந்துவிட்டதைச் சொன்னார். மாலை 7 மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் ட்ரூமன் அதிபராகப் பதவியேற்றார்.

பதவியேற்பு முடிந்த பிறகு ஸ்டிம்சன் அவரைத் தனியாக அழைத்து, நம்ப முடியாத அழிவு சக்தி கொண்ட புதிய வெடிபொருள் ஒன்று உருவாகி வருகிறது என்று மட்டும் சொன்னார். முழு விவரம் ஏப்ரல் 25-ம் தேதிதான் கிடைத்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்களே, அதேதான். ஐரோப்பாவில் போர் முடியும் தறுவாய், ஆசியாவில் ஜப்பானுடன் கடும் சண்டை, இந்தப் பக்கம் சோவியத் யூனியனுடன் உரசல்.

ஜூலை 16-ம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனை வெற்றி. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா. ஆகஸ்ட் 9 நாகசாகி. அந்த வருஷ முடிவுக்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. குண்டு இல்லாமலே ஜப்பான் சரணடைந்திருக்குமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்த முடிவில் தனக்கு வருத்தம் இல்லை என்ற நிலையில் ட்ரூமன் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். சிகாகோவில் இரண்டாவது சுற்றில் கை மாறிய பிரதிநிதிகள் தங்கள் மாநிலத்தையும் கட்சிப் பதவிகளையும் மனதில் வைத்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஹிரோஷிமாவின் பெயரைக்கூட அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1948: இப்போது அவர் முறை

ட்ரூமன் அதிபரானதும் துணை அதிபர் இடம் காலியானது. நடுவில் அதை நிரப்ப அரசியல் சாசனத்தில் அப்போது வழி இல்லை. கிட்டத்தட்ட 4 வருஷம் அமெரிக்காவுக்குத் துணை அதிபரே இல்லை.

1948-ல் ட்ரூமன் சொந்தமாகத் தேர்தலைச் சந்தித்தார். கட்சி மூன்றாக உடைந்தது. சிவில் உரிமைத் தீர்மானத்தை எதிர்த்து வெளியேறிய தென் மாநிலத்தவர் ஸ்ட்ரோம் தர்மண்டை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம் வாலஸ் தனிக்கட்சி கண்டு நின்றார். வர்த்தக அமைச்சராக இருந்த அவரை, சோவியத் கொள்கை தொடர்பான கருத்து வேறுபாட்டில் 1946-ல் ட்ரூமனே பதவியிலிருந்து நீக்கியிருந்தார். ஆக, 1944-ல் எந்த இரண்டு பிரிவினரையும் சேர்த்து வைக்க ட்ரூமனைக் கொண்டுவந்தார்களோ, அந்த இரண்டு பிரிவிலும் ஒரு பகுதி நான்கே வருஷத்தில் வெளியே போய்விட்டது! ரன்னிங் மேட் மூலம் வாங்கும் சமாதானத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

ட்ரூமன் முதலில் விரும்பியது டக்ளஸை. அவர் மறுத்துவிட்டார். பிறகு, மாநாட்டில் பேசித் தொண்டர்களை எழுப்பிவிட்ட கென்டக்கி செனட்டர் ஆல்பென் பார்க்லி வந்தார். வயது 70. மிசோரிக்குப் பக்கத்து மாநிலம் வேறு. புது ஓட்டு எங்கிருந்து வரும் என்று விமர்சனம் எழுந்தது.

எதிரில் நின்றதோ பார்ப்பதற்குக் கச்சிதமான ஜோடி. நியூயார்க் ஆளுநர் டூயி, கலிபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன். கிழக்கில் ஒரு பெரிய மாநிலம், மேற்கில் ஒரு பெரிய மாநிலம். கருத்துக்கணிப்புகள் டூயிதான் என்றன. சிகாகோ பத்திரிகை ஒன்று டூயி வென்றுவிட்டதாகவே தலைப்புச் செய்தி அச்சடித்துவிட்டது. முடிவு: ட்ரூமன் 303, டூயி 189, தர்மண்ட் 39. வாரனின் சொந்த மாநிலமான கலிபோர்னியாவிலேயே ட்ரூமன் சுமார் 18,000 ஓட்டில் ஜெயித்தார்.

அப்போ மாநிலக் கணக்கு பொய்யா?

முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. 1944-ல் பிரிக்கரின் ஓஹையோ மாநிலம் டூயி பக்கம்தான் வந்தது. ஆனால் தேர்தல் முடிவை அது மாற்றவில்லை. அதே தேர்தலில் மிசோரியின் 15 எலெக்டோரல் வாக்குகளை ரூஸ்வெல்ட்டின் 432-ல் இருந்து கழித்துப் பாருங்கள். 417. அப்போது ஜெயிக்கத் தேவை 266 மட்டுமே. ட்ரூமன் இல்லாமலும் ரூஸ்வெல்ட் ஜெயித்திருப்பார். ஆக, வாக்காளர்கள் ஓட்டுப் போடுவது பெரும்பாலும் மேலே இருக்கும் பெயரைப் பார்த்துத்தான். துணைப் பெயர் உதவுவது, மாநாட்டில் கட்சி சிதறாமல் இருக்க.

ட்ரூமன் கற்ற பாடம்

தான் பட்ட கஷ்டம் அடுத்தவருக்கு வரக்கூடாது என்பதில் ட்ரூமன் கவனமாக இருந்தார். 1949-ல் சட்டம் திருத்தப்பட்டு, தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் துணை அதிபர் நிரந்தர உறுப்பினரானார். பார்க்லி அதில் உட்கார்ந்தார். நாட்டின் முக்கிய ராணுவ ரகசியங்கள் பேசப்படும் மேசையில் துணை அதிபருக்கு ஒரு நாற்காலி உறுதியானது. 1967-ல் வந்த 25-வது அரசியல் சாசனத் திருத்தம், துணை அதிபர் இடம் காலியானால் நிரப்பும் வழியையும் கொடுத்தது.

ராணுவத்தில் இனப் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவரும் உத்தரவு, போரால் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம், கொரியப் போர், புகழின் உச்சியில் இருந்த தளபதி மெக்ஆர்தரைப் பதவி நீக்கியது என்று ட்ரூமனின் ஆட்சிக்காலம் பரபரப்பாகவே போனது. 1952 தொடக்கத்தில் மக்கள் ஆதரவு 22 சதவீதத்துக்குச் சரிந்தது. மீண்டும் போட்டியிடாமல் சொந்த ஊரான இண்டிபென்டன்ஸுக்குத் திரும்பினார். காலம் போகப்போக வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு உயர்ந்துகொண்டே வந்தது.

1965-ல் முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட அதிபர் லிண்டன் ஜான்சன் ட்ரூமனின் ஊருக்கே வந்தார். ஆட்சியில் இருந்தபோது தேசிய மருத்துவக் காப்பீட்டுக்காகப் போராடித் தோற்றவர் ட்ரூமன் என்பதால், முதல் அட்டை அவருக்கே வழங்கப்பட்டது. கையெழுத்திட்ட ஜான்சனும் தெற்கு ஓட்டுக்காக 1960-ல் கென்னடியுடன் சேர்க்கப்பட்ட ரன்னிங் மேட்தான். கென்னடி கொல்லப்பட்டதால் அதிபரானவர்.

1972 டிசம்பர் 26-ம் தேதி, 88 வயதில் ட்ரூமன் காலமானார்.

அதிபர் பதவியில் இருக்கும்போதே இறந்து, துணை அதிபர் அந்த நாற்காலிக்கு வந்தது அமெரிக்க வரலாற்றில் 8 முறை நடந்திருக்கிறது. அதனால் அடுத்த முறை அங்கே ரன்னிங் மேட் அறிவிப்பு வரும்போது, இவர் எந்த மாநிலத்தைக் கொண்டுவருவார் என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே அந்த நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால் இவர் தாங்குவாரா, அதற்கு இவரைத் தயார்படுத்துகிறார்களா என்றும் பாருங்கள். 1944-ல் கட்சிக்கு அதிர்ஷ்டம் இருந்தது, கடையில் தோற்ற அந்த மிசோரிக்காரர் தாக்குப்பிடித்தார். எல்லா முறையும் அப்படி அமையும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.